எத்தனை மில்லி என்று கேட்கும் முன்

கேள்வி: ஜாசின் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் செம்பனை நிலம் இருக்கிறது. 800 கிலோ எடையுள்ள பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதை டிரெய்லரில் ஏற்ற இரும்புச் சாய்தளம் சொந்தமாகச் செய்ய எண்ணம். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 2 அடி உயரம். 50-க்கு 50 ஆங்கிள், 6 மில்லி கனம், 5 அடி நீளம் போதும் என்கிறார் பட்டறைக்காரர். 8 மில்லியாகப் போட்டால் பயமில்லாமல் ஏற்றலாமா, ஐயா?
– வாசகர், ஜாசின், மலாக்கா

பதில்: கனத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் தீர்க்க வேண்டியது நீளம். 2 அடி உயரத்துக்கு 5 அடிச் சாய்தளம் போட்டால் சாய்வு ஏறத்தாழ 24 டிகிரி. அந்தச் சாய்வில் 800 கிலோ வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 320 கிலோவுக்குச் சமம். அதையே 8 அடியாக்கினால் சாய்வு பதினைந்து டிகிரிக்குள் அடங்கும், இழுப்பு 200 கிலோவாகக் குறையும். செங்குத்தாக ஏறும் டிராக்டருக்கு இரண்டு ஆபத்து: முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் புரள்வது ஒன்று, உச்சியில் அடிவயிறு டிரெய்லர் விளிம்பில் தட்டி நிற்பது மற்றொன்று. இரண்டுக்கும் இரும்பின் கனம் மருந்தாகாது. ஆகவே 8 அடிக்குக் குறைய வேண்டாம் என்பேன்.

நீளம் கூடினால் வளைவு கூடும் என்று உங்கள் பட்டறைக்காரர் மறுப்பார். சரியான மறுப்புதான், கணக்கிலேயே பார்த்துவிடலாம். இத்தகைய டிராக்டரில் எடையின் பெரும்பகுதி பின்சக்கரங்களில் நிற்கும். சாய்வையும் குலுக்கலையும் சேர்த்து ஒரு பின்சக்கரத்துக்கு 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாய்தளத்தின் ஒரு பக்கத்து 8 அடித் தடத்தின் நடுவில் அந்தச் சக்கரம் நிற்கும்போது, இருபுறமும் 50-க்கு 50, 6 மில்லி ஆங்கிள் வைத்த தடத்தில் ஏறும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 245 நியூட்டன். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250-ஐ ஒட்டித்தான் திரும்பாத வளைவுக்குப் போகும். எனவே முதல் நாளே தடம் தொய்யலாம். நீங்கள் சொல்வதுபோல் 8 மில்லி போட்டால்? எடை முப்பது விழுக்காடு கூடும், வலுவும் கிட்டத்தட்ட அதே முப்பதுதான் கூடும். ஆனால் கனத்தை 6 மில்லியிலேயே விட்டுவிட்டு ஆங்கிளை மட்டும் 75-க்கு 75 ஆக்கிப் பாருங்கள்: எடை பாதியளவு கூடும், வலுவோ இரண்டு மடங்கைத் தாண்டும், அழுத்தம் 105-க்கு இறங்கிவிடும். வளைவை எதிர்ப்பது இரும்பின் நிற்கும் உயரம். கனம் அதற்கு அடுத்தபடிதான். கடையில் "எத்தனை மில்லி" என்ற கேள்வியே முன்னால் நிற்பதால்தான் பலர் பாரத்தை வாங்கி வலுவை விட்டுவிடுகிறார்கள்.

அவ்வளவு பாரத்தை யார் தூக்குவது என்று கேட்பீர்கள். 75 ஆங்கிளில் குறுக்குச் சட்டங்களோடு ஒரு தடம் 40 கிலோவை எட்டிவிடும், உண்மை. அதற்கு வழி நீளத்தைக் குறைப்பதல்ல, வடிவத்தை மாற்றுவது. 75-க்கு 50, 3 மில்லி பெட்டிக் குழாயை 75 பக்கம் நிற்கும்படி வைத்தால், ஆங்கிளைவிட எடையும் குறைவு, வலுவும் ஒன்றரை மடங்கு. 3 மில்லி துருப்பிடித்துப் போகாதா என்றால், முனைகளைத் திறந்து விட்டால் உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கத்தான் செய்யும். தகடு வைத்து முழுதாக அடைத்து, ரெட் ஆக்ஸைடு பூசுங்கள். மேல்பரப்புக்குச் செக்கர் பிளேட் வேண்டாம். செம்மண் சேறு ஒட்டிய டயர் மழையில் அதன்மேல் வழுக்கும். சிறிய ஆங்கிள் துண்டுகளை விளிம்பு மேலே நிற்குமாறு குறுக்கே வைத்தால் டயர் கவ்வும், சேறும் கீழே விழுந்துவிடும்.

"அந்தக் காலத்தில் மரப்பலகை போட்டுத்தானே ஏற்றினோம்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக்கூடும். மலாக்காவில் டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட நாள் தொட்டு நெடுங்காலம் தோட்டத்துப் பாரம் பெரும்பாலும் தோளிலும் காண்டா கம்பிலும் போனது. பலகை தாங்கியது நடந்து ஏறும் ஆளின் எடையை, மிஞ்சினால் ஒரு மோட்டார் சைக்கிளை. ஒரே டயர் 300 கிலோவை ஓரிடத்தில் இறக்குவது வேறு சங்கதி, அந்த அனுபவம் இங்கே சாட்சியாகாது.

இத்தனை கணக்கும் ஒரு கொக்கி இல்லையென்றால் வீண். சக்கரம் வண்டியை மேலே தள்ளும்போது, தடத்தைப் பின்னால் உதைக்கிறது. தடத்தின் மேல்முனையில் இருக்கும் உதட்டுத் தகட்டை வெறுமனே டிரெய்லர் தளத்தின்மேல் சாத்தி வைத்தால் அந்த உதையில் நழுவிவிடும், தடம் முறியாமலே டிராக்டர் விழும். தளத்தில் துளையிட்டு முள் செருகுங்கள், கூடவே சங்கிலியும் மாட்டுங்கள். டிரெய்லரின் வால்பகுதிக்குக் கீழே இருபுறமும் இரும்பு முட்டு கட்டாயம். இல்லாவிட்டால் பாரம் அச்சுக்குப் பின்னால் ஏறியதும் வால் தாழ்ந்து, இழுக்கும் வண்டியின் பின்புறத்தைத் தூக்கும். சாய்தளத்தைக் கீல் வைத்து டிரெய்லரிலேயே நிரந்தரமாகப் பொருத்துவதானால் அது வாகன அமைப்பை மாற்றும் வேலை, முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் (ஜேபிஜே) கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 800 கிலோ என்பது வெறும் வண்டியா, புல்வெட்டியும் சேர்ந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. சேராவிட்டால் மேலே சொன்ன கணக்கை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏற்றும்போது ரிவர்ஸில் ஏற்றுங்கள், கனமான பின்பக்கம் மேலே இருக்கட்டும். இறக்கும்போது நேராக இறக்குங்கள். கை கொடுக்கிறேன் என்று பக்கத்தில் வரும் யாரையும், முக்கியமாகப் பிள்ளைகளை, தடத்துக்கு அருகில் நிற்க விடாதீர்கள்.