சைபர் செக்யூரிட்டி படிக்க எந்தப் பட்டம்?

பொறியியல் கலந்தாய்வு நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் கேட்பது இதுதான்: “சைபர் செக்யூரிட்டின்னு பேர் போட்ட கோர்ஸிலேயே சேர்க்கணுமா, சாதாரண கம்ப்யூட்டர் சயின்ஸ் போதுமா?”

நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐ.டி.யோ கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். பெயருக்காகச் சுமாரான கல்லூரிக்குப் போக வேண்டாம். சைபர் செக்யூரிட்டிப் பிரிவிலேயே சேர்வதானால் முதலில் அதன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், டேட்டா ஸ்ட்ரக்சர் நான்கும் முழுப் பாடங்களாக இருக்க வேண்டும்.

ஏன் இந்த அடிப்படைகளில் இவ்வளவு பிடிவாதம்? 2017 மே மாதம் பரவிய வான்னக்ரை என்ற ரான்சம்வேரை (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலை) எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சைகள் தள்ளிப்போயின. விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது புகுந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. கணினிகள் கோப்புகளை எப்படிப் பகிர்கின்றன, 445-ஆம் போர்ட் ஏன் திறந்திருக்கிறது, ஒரு மருத்துவமனையால் எல்லாக் கணினிகளையும் உடனே ஏன் புதுப்பிக்க முடிவதில்லை என்பதெல்லாம் தெரிந்தால்தான் இந்தத் தாக்குதல் புரியும். இவற்றுக்கான அடித்தளம் முழுவதும் வகுப்பறைப் பாடங்களில்தான் இருக்கிறது. அதை விட்டவர் கருவிகளை ஓட்டத் தெரிந்தவராக மட்டுமே நின்றுவிடுவார்.

பி.எஸ்சி. படித்தும் இந்தத் துறைக்கு வரலாம். செலவு குறைவு, பிறகு எம்.சி.ஏ. படிக்கலாம். ஆனால் அரசுப் பணி குறி என்றால், எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று பழைய அறிவிப்புகளை இப்போதே பார்த்துவிடுங்கள்.

கல்லூரி கற்றுத்தராத பாதியை நீங்களே கற்க வேண்டும். முதலாண்டில் லினக்ஸும் பைத்தானும் போதும். ஓவர்தவயர் தளத்தின் ‘பேண்டிட்’ விளையாட்டு லினக்ஸ் கட்டளைகளை இலவசமாகப் பழக்கிவிடும். அடுத்து வயர்ஷார்க்கைத் திறந்து, உங்கள் லேப்டாப்பிலிருந்து என்னென்ன போகிறது, வருகிறது என்று பாருங்கள். வெப் பாதுகாப்புக்கு போர்ட்ஸ்விக்கர் அகாடமி இருக்கிறது, அதுவும் இலவசம். முடித்த ஒவ்வொரு பயிற்சியையும் சொந்த வார்த்தைகளில் எழுதி கிட்ஹப்பில் வையுங்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அது அதிகம் பேசும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லூரி இணையதளத்திலோ நண்பரின் கணக்கிலோ கைவைக்காதீர்கள். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், சார்” என்ற பதில் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். ஒரு வழக்கு பதிவானாலே பாஸ்போர்ட்டிலிருந்து வேலை வரை எல்லாம் சிக்கலாகும். சொந்தக் கணினியில் விர்ச்சுவல் மெஷின் போட்டுப் பழகுங்கள். பக் பவுண்டி (ஓட்டையைக் கண்டு சொன்னால் நிறுவனம் தரும் பரிசு) என்றால் நிறுவனம் எழுத்தில் அனுமதித்த எல்லைக்குள் நில்லுங்கள்.

சான்றிதழ்களுக்கு அவசரம் வேண்டாம். சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்கு 5 ஆண்டு பணி அனுபவம் வேண்டும், கணினி சார்ந்த பட்டம் இருந்தால் அதில் ஓராண்டு குறையும். கல்லூரி மாணவருக்கு அதை விற்க வரும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். கையில் காசிருந்தால் கடைசி ஆண்டில் செக்யூரிட்டி பிளஸ் என்ற அடிப்படைச் சான்றிதழ் ஒன்று போதும்.

முதல் வேலை பெரும்பாலும் எஸ்.ஓ.சி. எனப்படும் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில், எச்சரிக்கைகளைக் கண்காணிப்பதாக அமையும். குறிப்பிட்ட வகை தாக்குதல்களைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவிட்டது. இதனாலும், திருடன் நேரம் பார்த்து வருவதில்லை என்பதாலும் இரவு ஷிஃப்டும் இருக்கும். சேருமுன் ஷிஃப்ட் முறை, இரவில் வண்டி வசதி, பாண்ட் நிபந்தனை மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் யார் கேட்டாலும் ஒப்படைக்காதீர்கள்.