வீடு மாறும் முன் ஒரு கடிதம்



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு வாடகை வீடு புதிய அனுபவமாகும். லயக் காம்பராவுக்கு மாத வாடகையோ ஒப்பந்தமோ இருந்ததில்லை. தோட்டத்தில் பெயர் இருந்தால் காம்பரா இருந்தது; வேறு இடத்துக்குப் போக நேர்ந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனோம். ஆனால் மண்சரிவு நம்மில் பலரை லயத்திலிருந்து வெளியேற்றிவிட்டது. 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தவில் லயங்கள் மண்ணில் புதையுண்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. இவ்வாறு இடம்பெயர்ந்தவர்கள் முதலில் முகாமிலும், பிறகு உறவினர் வீட்டிலும், கடை வீதியில் எடுத்த வாடகை அறையிலும் தங்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் நிரந்தர வீடு கிடைக்கும்போது அந்த அறையை எப்படி விட்டுவருவது என்பதே இந்தப் பாடமாகும்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மாதம் 8,000 ரூபா வாடகையில் இரண்டு அறைகளில் இருந்தது. மூன்று மாத முற்பணமாக 24,000 ரூபா கொடுத்திருந்தார்கள். ஜூலையில் புதிய வீடு கிடைக்கும் என்பது ஜூன் தொடக்கத்திலேயே அவர்களுக்குத் தெரியும். ஜூலை வாடகையையும் ஒழுங்காகக் கட்டினார்கள். ஜூலை 20 ஆம் திகதி, வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில், "நாங்க போயிட்டு வாறோம்" என்று அவருடைய மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மண்வெட்டி, மருந்துப் பம்பு, விதை மூட்டை ஆகியவை பின் அறையில் இருந்ததால் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

செப்டெம்பர் கடைசியில் முற்பணத்தைக் கேட்கப் போனார்கள். ஆகஸ்ட், செப்டெம்பர் வாடகை 16,000 ரூபா, மின்கட்டணம் 2,300 ரூபா எனக் கழித்து 5,700 ரூபாவை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். போஞ்சி விதைக்கும் உரத்துக்கும் என்று நம்பியிருந்த பணம் அது. வீட்டுக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. முறையான அறிவித்தல் அவருக்குக் கிடைக்கவில்லை. சாவி இல்லாமல் வேறு ஆளுக்கு அறையைக் கொடுக்கவும் முடியவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு கடிதம் எழுதி, ஜூலை 31 இல் சாவியையும் கொடுத்திருந்தால் அந்த 16,000 ரூபா தப்பியிருக்கும்.

சட்டம் சொல்வது என்ன?

மாதா மாதம் வாடகை கட்டும் குடியிருப்பை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும். அது வாடகை மாதத்தின் கடைசி நாளோடு முடிய வேண்டும். வாடகை மாதம் 1 ஆம் திகதி தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஜூன் 20 இல் கொடுத்த அறிவித்தல் ஜூலை 31 இல் முடியும். ஜூலை 20 இல் கொடுத்தது ஆகஸ்ட் 31 இல்தான் முடியும். ஆகவே மாதம் பிறக்கும் முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். நொத்தாரிசு உறுதி இருந்தால் அதில் எத்தனை மாத அறிவித்தல் என்று எழுதியிருக்கிறதோ அதன்படி நடக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கடிதத்தை இரண்டு பிரதிகளாக எழுதுங்கள். வீட்டுக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் சிங்களத்தில் எழுதுவித்து, அதை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள்.

2. ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

3. கடைசி மாத வாடகையையும் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முற்பணத்தில் கழிக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் அதை எழுத்தில் பெறுங்கள்.

4. போகும் நாளில் அறைகளை இருவரும் சேர்ந்து பாருங்கள். மின்மானி, நீர்மானி இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. பொருட்களை ஒன்றும் விடாமல் எடுத்துக்கொண்டு, சாவியைக் கையில் கொடுங்கள். கொடுத்ததற்கும் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

6. புதிய விலாசத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் பதியுங்கள். அரசாங்க வாடகைக் கொடுப்பனவு பெறுபவர்கள் பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்க வேண்டும்.

மாதிரிக் கடிதம்

திகதி: .............

திரு / திருமதி ............. அவர்களுக்கு,

ஐயா / அம்மா,

............. இல் உள்ள தங்கள் வீட்டில் மாதம் ............. ரூபா வாடகைக்குக் குடியிருக்கும் நான், ............. ஆம் திகதியுடன் வீட்டை விட்டுச் செல்கிறேன் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன். அன்று சாவியைத் தங்களிடம் ஒப்படைப்பேன். நான் செலுத்திய முற்பணம் ............. ரூபாவில், செலுத்த வேண்டியவை ஏதும் இருந்தால் கழித்து, மிகுதியை அன்றைய தினம் தந்துதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
.............

பிணக்கு ஏற்பட்டால்

முற்பணம் திரும்பி வராவிட்டால் வீட்டு வாசலில் நின்று சண்டை போட வேண்டியதில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையில் முறையிடலாம். இணக்க சபை என்றும் அதைச் சொல்வார்கள். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. இரு தரப்பும் பேசி இணங்கினால் அதை எழுதித் தருவார்கள். இணங்காவிட்டால் அதற்கும் சான்றிதழ் தருவார்கள். கடிதப் பிரதியும் பற்றுச்சீட்டும் கையில் இருந்தால் அங்கே நம் பேச்சுக்குப் பலம் உண்டு. வழக்கு என்று வந்தால், வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஓர் எச்சரிக்கை

இந்தப் பாடம் வாடகை வீட்டுக்கு மட்டுமே. லயக் காம்பராவை விட்டுக்கொடுப்பதாகத் தோட்டத்தில் ஒரு கடிதம் நீட்டினால் அது வேறு விடயம். வாசிக்காமலும், விளங்கிய ஒருவரிடம் கேட்காமலும் அதில் கையெழுத்திடாதீர்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நம்மில் எத்தனை பேரிடம் முற்பணம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது? இல்லாதவர்கள் இப்போது என்ன செய்யலாம்?

2. நமது வாடகை மாதம் எந்தத் திகதியில் தொடங்குகிறது? அடுத்த மாதமே வீடு மாறுவதென்றால் எந்த நாளுக்குள் கடிதம் கொடுக்க வேண்டும்?

3. கடிதம் எழுதத் தெரியாத குடும்பங்களுக்கு எழுதிக்கொடுக்க நம் குழுவில் யார் முன்வருவார்?