ஸ்டார்ச் வேறு, குளூட்டன் வேறு

கோதுமை சேர்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும் மாணவர் ஒருவர் நம் வகுப்பில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அம்மா சூப் பாக்கெட் ஒன்றைக் காட்டி, “இதுல ஸ்டார்ச்னு போட்டிருக்கே, பிள்ளைக்குக் கொடுக்கலாமா டீச்சர்?” என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? விடைக்குத் தேவையான அடிப்படை நாம் நடத்தும் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர் இதை உண்டால், அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் குடலுறிஞ்சிகளையே தாக்கிச் சிதைக்கிறது. சத்துகள் உடலில் சேர்வதில்லை. தொடர் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்ச்சியின்மை ஆகியவை இதன் அறிகுறிகள். 2016இல் வெளியான ஆய்வின்படி வட இந்தியாவில் நூறு பேருக்கு ஒருவருக்கும் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவருக்கும் இந்நோய் உள்ளது. மருந்தால் இது தீராது. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதே சிகிச்சை.

ஸ்டார்ச் ஒரு கார்போஹைட்ரேட். குளூட்டன் ஒரு புரதம். மரவள்ளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றின் ஸ்டார்ச்சில் இந்நோயாளிகளுக்குத் தீங்கு செய்யும் குளூட்டன் கிடையாது. சேலத்து ஜவ்வரிசி மரவள்ளி ஸ்டார்ச்சில் செய்யப்படுவது. கோதுமை மாவு கலக்காதவரை அச்சமின்றி உண்ணலாம். கோதுமையிலிருந்து எடுக்கும் ஸ்டார்ச்சில்தான் சிக்கல். எவ்வளவு கழுவினாலும் அதில் சிறிதளவு புரதம் தங்கிவிடக்கூடும்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு கைப்பிடி மைதாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து மெல்லப் பிசைந்து கழுவச் சொல்லுங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். கையில் ரப்பர் போன்ற ஒரு பொருள் மிஞ்சும். வெள்ளைத் தண்ணீரில் அயோடின் விட்டால் கருநீலமாகும், அது ஸ்டார்ச். கையில் மிஞ்சியது குளூட்டன். இத்தாலியின் பெக்காரி 18ஆம் நூற்றாண்டிலேயே இவ்வாறு பிரித்துக் காட்டினார்.

இங்கு ஒன்றை வலியுறுத்த வேண்டும். மரவள்ளி ஸ்டார்ச்சும் கோதுமை ஸ்டார்ச்சும் அயோடினில் ஒரே நிறத்தையே தரும். ஆகவே, ஒரு உணவில் குளூட்டன் இல்லை என்பதை அயோடின் சோதனையால் உறுதி செய்ய இயலாது.

உறையைப் படிப்போம்

சாஸ், சூப், மயோனைஸ் உறைகளில் 1401 முதல் 1450 வரையிலான எண்களைக் காணலாம். இவற்றுள் பல, பதப்படுத்தி மாற்றப்பட்ட ஸ்டார்ச்சுகளைக் குறிப்பவை. அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதை எண் சொல்லாது. அதைச் சொல்வது ஒவ்வாமை குறித்த வரி. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியங்களை உறையில் அறிவிக்க வேண்டும். ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் அந்த வரியில் கோதுமை இருந்தால் அப்பொருளைத் தவிர்க்க வேண்டும்.

பெயர்களும் குழப்பும். மால்ட் என்பது பெரும்பாலும் முளைவிட்ட பார்லி. அதில் குளூட்டன் உண்டு. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது ஸ்டார்ச்சை உடைத்துப் பெறுவது; பெயரில்தான் ஒற்றுமை. கோதுமையிலிருந்து எடுத்த மால்டோடெக்ஸ்ட்ரினுக்கே ஐரோப்பாவில் ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கு தரப்பட்டுள்ளது.

குளூட்டன் அற்றது என்று அச்சிட, ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. அப்படியானால் 100 கிராமில் 2 மில்லிகிராம். 1 கிராம் மைதாவில் 8 விழுக்காடு குளூட்டன் என்று கொண்டால் 80 மில்லிகிராம். ‘கொஞ்சம்தானே’ என்ற சொல் இக்குழந்தைகளுக்கு ஏன் பொருந்தாது என்பதை மாணவர்களே கணக்கிட்டு அறியட்டும்.

நம் சமையலறையில்

நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கருவேலம் பிசின் போன்ற பிசினோடு ஸ்டார்ச்சோ தானிய மாவோ கலக்க அனுமதி உண்டு. பலவற்றில் அது மைதா. அரிசிச் சோறும் சாம்பாரும்தானே என்று நம்பிக் கொடுக்கும் உணவில் கோதுமை நுழையும் வழி இது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. உறையைப் பார்த்து வாங்கலாம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை உணவுகள் உண்டு. மருத்துவச் சான்று உள்ள குழந்தை இருந்தால் தலைமையாசிரியரும் சமையல் பொறுப்பாளரும் பெற்றோருடன் பேசி, அரிசி உப்புமா, வெண்பொங்கல் போன்றவற்றைத் தனிக் கரண்டியில் பரிமாற ஏற்பாடு செய்யலாம். பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளைப் போன்ற மாலைநேரக் கடைகளில் உறையே கிடையாது. சோள மாவில் செய்த காலிஃபிளவர் வறுவலும் மைதா சமோசாவும் ஒரே எண்ணெயில் பொரிந்தால், ஸ்டார்ச் பாதுகாப்பானதாக இருந்தும் பயனில்லை.

நோயைக் கண்டறிவது நம் பணியன்று. ஐயம் எழுந்தால் பெற்றோரை மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆனால் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். நோய் உறுதியான குழந்தையிடம் “ஒரு வாய்தானே, சாப்பிடு” என்று யாரும் வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. பிறந்தநாள் கேக் பகிரும் நாளில் அக்குழந்தைக்கென ஒரு கடலை மிட்டாய் எடுத்துவைத்தால் அதுவும் தனித்து நிற்காது.