முட்டைக் கோது மெலிவதேன்?

காலையிற் கூட்டைத் திறந்து முட்டை எடுக்கும்போது, கையிலேயே நொறுங்கும் முட்டை ஒன்று அகப்படுவதுண்டு. சிலவேளை கோதே இன்றித் தோல்முட்டை கிடக்கும். "கோழிக்குச் சூடு" என்று சொல்லிப் பலர் இதனைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். இளம் பேடு முதன்முதல் இடும் சில முட்டைகள் இவ்வாறிருப்பின் அஞ்சவேண்டியதில்லை. ஏனையவற்றில் இது தொடர்ந்து காணப்படின் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

கோதில் நூற்றுக்கு 94 பங்கு வரை கல்சியம் காபனேற்று ஆகும். சுண்ணாம்புக்கல்லும் சிப்பியும் இதே பொருளே. ஒரு கோதில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் உண்டு. கோது உருவாவதற்கு 20 மணி நேரம் வரை செல்லும். அதிற் பெரும்பகுதி இரவிலே நிகழ்கின்றது. அவ்வேளையிற் குடலிலே கல்சியம் போதாவிடின், பேடு தன் எலும்பைக் கரைத்துக் கோதாக்குகின்றது. இவ்வாறு நெடுநாள் சென்றால் கால் தளர்ந்து, நிற்கமாட்டாது விழும். எனவே நட்டம் ஒரு முட்டையோடு நிற்பதன்று.

ஊரெங்கும் மேய்ந்து திரியும் ஊர்க்கோழியில் இக்குறை அரிது. அது இடும் முட்டைகளும் சில. நத்தை, பூச்சி, மண் என்பவற்றிலிருந்து தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். நீங்களோ கத்தரிப் பாத்தியையும் மிளகாய்க் கன்றையும் கிளறாதிருக்கும் பொருட்டுக் கலப்பினப் பேடுகளை அடைத்து வைத்து, வீட்டிலுள்ள நெற்றவிட்டையே பெரும்பாலும் இடுகின்றீர்கள். தவிட்டிற் கல்சியம் மிகச் சொற்பம். அதிலுள்ள பொசுபரசுச் சேர்வையோ மிகுதி. அது இருக்கும் சிறிதளவு கல்சியத்தையும் பிணைத்துக் குடலில் உறிஞ்சவிடாது தடுக்கும். தவிடு கெட்ட தீன் என்பதன்று. தனித்தீனாக அது உதவாது.

பரிகாரம் எளியது. சிப்பியை நெல்லளவு துண்டுகளாக இடித்து, ஒரு சிரட்டையில் இட்டுக் கூட்டின் பக்கத்தே கட்டி வையுங்கள். தூளிலும் துண்டே நன்று. அது இரைப்பையிற் கிடந்து இரவு முழுவதும் மெல்லக் கரையும். நாள்தோறும் முட்டையிடும் பேட்டுக்குத் தவிட்டுத் தீனுடன் 10 கிராம் வரை வேண்டும். அளந்து ஊட்டவேண்டியதில்லை, வேண்டிய பேடு தானே கொத்தும், பிற்பகலில் அதிகமாகக் கொத்தும். தீனுடன் கலந்து எல்லாவற்றுக்கும் இடாதீர்கள். முட்டையிடாத குஞ்சுகளுக்கு மிகுதியான கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெற்றிலைக்கு இடும் நீற்றிய சுண்ணாம்பை ஒருபோதும் கொடுக்கலாகாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

சிப்பி கிடையாத இடங்களில், வீட்டு முட்டைக் கோதுகளைக் கழுவி, சட்டியில் நன்றாக வறுத்து, அடையாளந் தெரியாதபடி நொறுக்கிக் கொடுக்கலாம். பாதிக்கோதாக எறிந்தால் கோழி முட்டையுண்ணப் பழகிவிடும். பழகிய கோழியைத் திருத்துவது பெரும்பாடு.

சிப்பி வைத்தும் கோது தடிக்காவிடின் வேறு காரணங்களை நோக்குக. கூடு இருண்டிருப்பின் வெயில் படச் செய்க. வெயிலால் உண்டாகும் விற்றமின் டீ இன்றேல் கல்சியம் உடலிற் சேராது. கடும் வெப்பத்தில் வாய் திறந்து இளைக்கும் கோழியும் மெல்லிய கோதே இடும். கூரைக்குக் கிடுகும், குடிப்பதற்குக் குளிர்ந்த நீரும் உதவும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் உவர்க்கிணற்று நீர் கோதை மெலிவிக்கக் கூடியது. நன்னீர் கொடுத்துப் பாருங்கள். இரவில் மரநாய் வந்து கலைத்தாலும் முட்டை முற்றுமுன் வெளிவந்துவிடும். வயது முதிர்ந்த பேட்டின் முட்டை பெரிது, கோது மெலிது. இதற்கு மருந்தில்லை, கறிக்கு விற்பதே இலாபம்.

பல பேடுகள் ஒரே வேளையில் முட்டை குறைந்து, கோணல் முட்டையும் தோல்முட்டையும் இட்டு, மூச்சுத் திணறுமாயின் அது தீனின் குறையன்று. இராணிக்கெட் போன்ற தொற்றுநோயாக இருக்கலாம். அக்கோழிகளை விற்காமலும் அயலாருக்குக் கொடாமலும் பிரித்து வைத்து, அன்றே உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.