48 மணித்தியாலக் கட்டுக்கதை

"டிஎன்எஸ்ஸை மாற்றினால் 48 மணித்தியாலத்துக்கு வெப்சைட் வராது. புது சர்வரில் ஒழுங்காக ஓடுகிறதா என்று மாற்றின பிறகுதான் பார்க்கலாம்." பூண்டுலோயாவில் விடுதி நடத்துபவர்களிடமும், பழைய மாணவர் சங்கங்களின் தளத்தைக் கவனிக்கும் பிள்ளைகளிடமும் வெப்சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றுவது பற்றிய இந்தப் பேச்சு ஓய்வதாக இல்லை. ஹட்டனில் கேட்டாலும் இதே பாட்டுத்தான். இரண்டு வாக்கியமும் பிழை. காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்களே இதைச் சொல்லும்போது பொறுக்க முடியவில்லை.

டிஎன்எஸ் என்பது டொமைன் பெயரை சர்வரின் ஐபி முகவரியோடு இணைக்கும் ஏற்பாடு. அந்த 48 வானத்திலிருந்து விழவில்லை. டாட் கொம் பெயர் ஒன்றின் நேம்சர்வர் (அதன் டிஎன்எஸ் ரெக்கோர்டுகளை வைத்திருக்கும் சர்வர்) விபரத்தை 172800 செக்கன் வரை நினைவில் வைத்திருக்கலாம் என்று மேல்மட்ட சர்வர்கள் சொல்கின்றன. அது சரியாக 2 நாள். ஆனால் அது நேம்சர்வரை மாற்றுகிறவருக்குரிய கணக்கு. டிஎன்எஸ் பழைய ஹோஸ்டிங் கம்பனியின் கையில் இல்லையென்றால் நேம்சர்வரைத் தொடவே வேண்டாம். பெயர் எந்த சர்வருக்குப் போகிறது என்று சொல்லும் ஏ ரெக்கோர்டில் ஐபி முகவரியை மாற்றினால் போதும். அதன் ஆயுளான டிடிஎல்லை நீங்களே குறைக்கலாம். 86400 என்று கிடந்தால் ஒரு நாளைக்கு முன்பே 300 ஆக்கிவிடுங்கள். பிறகு மாற்றினால் பெரும்பாலானோருக்கு ஐந்து நிமிடத்தில் புதுத் தளம் வந்துவிடும். நேம்சர்வரையே மாற்ற நேர்ந்தாலும் தளம் படுத்துவிடாது. சிலருக்குப் பழைய சர்வர் பதில் சொல்லும், சிலருக்குப் புதியது. மாற்றிய அன்றே பழைய ஹோஸ்டிங்கை நிறுத்திவிட்டு "டிஎன்எஸ் இன்னும் பரவவில்லை" என்று வாடிக்கையாளரை ஏய்ப்பதுதான் தளத்தை இருட்டாக்குகிறது.

சோதிக்க வழியில்லை என்பது அதைவிடப் பெரிய பொய். டிஎன்எஸ்ஸை போல் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைப்பதற்கு முன், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் கணினிப் பெயர்கள் அத்தனையும் ஹோஸ்ட்ஸ் என்ற ஒரே கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பின் வாரிசு இன்றும் அதே பெயரில் உங்கள் கணினியில் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போங்கள். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதில் அந்த ஹோஸ்ட்ஸ் கோப்பை எடுத்து, புது சர்வரின் ஐபியையும் பக்கத்தில் உங்கள் டொமைனையும் ஒரே வரியில் எழுதிச் சேமியுங்கள். அந்தக் கணினிக்கு மட்டும் தளம் புது சர்வரிலிருந்து வரும். உலகம் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும். சந்தேகமா? புது சர்வரில் மட்டும் சின்ன எழுத்துக் கோப்பொன்றைப் போட்டுத் திறந்து பாருங்கள். முன்பதிவுப் படிவம், படங்கள், லொகின் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். முடிந்ததும் அந்த வரியை அழிக்க மறக்க வேண்டாம். சாதாரண போனில் இது நடக்காது. கணினி இல்லாதவர் டவுனில் உள்ள கொமியூனிகேஷனில் கேட்டுப் பார்க்கட்டும்.

"ஐபியை பிரவுசரில் அடித்தாலே போதும்" என்பதும் சரிவராது. ஒரே ஐபியில் பல தளங்கள் குடியிருக்கும். பெயரைப் பார்த்துத்தான் சர்வர் பக்கத்தைக் கொடுக்கும். தற்காலிக முகவரியில் பார்ப்பதும் அரைச் சோதனைதான்: வேர்ட்பிரஸ் தன் முகவரியை டேட்டாபேஸில் எழுதி வைத்திருப்பதால் இணைப்புகள் பழைய தளத்துக்கே ஓடும். ஈமெயில் தொலைந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். ஈமெயிலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் ரெக்கோர்டும், அது காட்டும் பெயரின் ஐபியும் மாறாமல், அந்த மெயில் சர்வரும் ஓடும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

நான் சொல்லிச் சொல்லி ஓயாத விஷயம் இன்னொன்று. 2021 பெப்ரவரி 6இல் இலங்கையின் டாட் எல்கே பெயர்ப் பதிவகத்தில் ஊடுருவல் நடந்து, கூகுளின் எல்கே முகவரிக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். தேயிலைத் தொழிலாளரின் பிரச்சினையும் அந்தப் பக்கத்தில் இருந்தது. கூகுளின் சர்வரை யாரும் தொடவில்லை. ரெக்கோர்ட் மாறியது, அவ்வளவுதான். ரெக்கோர்ட் யார் கையிலோ தளமும் அவர் கையில். ஆனால் நம் ஊரில் டொமைனை வெப்சைட் செய்து தந்தவரின் பெயரிலேயே விட்டுவைக்கிறோம். அவர் போன் எடுக்காவிட்டால் டிடிஎல்லும் இல்லை, ஏ ரெக்கோர்டும் இல்லை. உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால் ஹோஸ்டிங் மாற்றுவதை ஒத்திவைத்து, முதலில் அதை மாற்றி வாங்குங்கள்.