உதிரும் இலையும் உதிரக்கூடாத இலையும்

நுழையும்முன்

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நெய்யாற்றின்கரையிலிருந்து அதனினும் குறைவு. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள ஊர்களிலிருந்து அந்நகருக்கு நாள்தோறும் நோயாளிகள் செல்கின்றனர். சிலர் 1981-இல் தொடங்கப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்திற்குச் செல்வர். சிலர் மூளை, நரம்பு நோய்களுக்காக ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை நாடுவர். புற்றுநோயும் மூளை நலிவும் வெவ்வேறு துன்பங்களாகவே நமக்குத் தோன்றுகின்றன. எனினும் உயிரணுவுக்குள் நுழைந்து நோக்கும் மூலக்கூற்று உயிரியல், புற்றுநோயையும் மூளைக்காயத்தையும் ஒரே வினாவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவ்வினாவை இப்பாடத்தில் அறிவோம்.

1. உயிரணுவின் இறப்பு

மாணவர்களே! தவளைக்குஞ்சின் வால் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அது அறுந்து விழுவதில்லை. வாலிலுள்ள உயிரணுக்கள் தமக்குள் எழுதப்பட்ட கட்டளைப்படி ஒழுங்காக மடிகின்றன. தாயின் கருப்பையில் வளரும் குழந்தையின் கை, தொடக்கத்தில் துடுப்புப்போலவே இருக்கும். விரல்களுக்கு இடைப்பட்ட உயிரணுக்கள் மடிந்த பின்னரே ஐந்து விரல்களும் தனித்தனியே பிரிகின்றன.

இவ்வாறு உடலின் நன்மைக்காக உயிரணு தானே மடியும் நிகழ்ச்சிக்கு 1972-இல் கெர், வில்லி, கரி என்னும் மூவர் ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பழுத்த இலை உதிர்ந்தால்தான் மரம் தழைக்கும். இதனை நாம் ‘உயிரணு உதிர்வு’ என வழங்கலாம். ஒரு சிறு புழுவின் உடலில் தோன்றும் 1,090 உயிரணுக்களுள் 131 உயிரணுக்கள் இம்முறையில் மடிகின்றன. உயிரணு உதிர்வை மரபணுக்கள் ஆள்வதைக் கண்டறிந்தமைக்காகப் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோர் 2002-இல் நோபல் பரிசு பெற்றனர்.

2. உதிர மறுக்கும் இலை

உயிரணு உதிர்வுக்கு ஆணையிடும் புரதங்களுள் தலையாயது ‘பி53’. இது 1979-இல் கண்டறியப்பட்டது. உயிரணுவின் மரபுப்பொருள் சிதைவுற்றால் பி53 விழித்தெழும். முதலில் உயிரணு பிரிவதைத் தடுத்து, சிதைவைச் செப்பனிடக் காலம் தரும். செப்பனிட இயலாதபோது மடியுமாறு உயிரணுவுக்கு ஆணையிடும். இதனால் அதற்கு ‘மரபுத்தொகுதியின் காவலன்’ என்னும் பெயர் வாய்த்தது.

காவலனே பழுதுபட்டால் என்ன நேரும்? கெட்டுப்போன உயிரணு மடியாது. பிரிந்து பிரிந்து பெருகும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் பி53 மரபணு பழுதுபட்டிருக்கிறது. புகையிலையில் உள்ள நச்சுப் பொருள்கள் இம்மரபணுவைத் தாக்க வல்லவை.

மனிதரின் ஓர் உயிரணுவில் இம்மரபணு ஓர் இணையே உண்டு. யானையின் உயிரணுவிலோ இதனையும் இதன் படிகளையும் சேர்த்து 20 இணைகள் உள்ளன என்பதை 2015-இல் அறிவித்தனர். அத்துணைப் பெரிய உடலும் நீண்ட ஆயுளும் கொண்ட யானைக்குப் புற்றுநோய் அரிதாகவே வருவதற்கு இஃது ஒரு காரணமாகலாம்.

3. உதிரக்கூடாத இலை

நம் அண்டை வீட்டார் ‘தலச்சோறு’ என்று வழங்கும் மூளைக்கு வருவோம். தோலுயிரணு மடிந்தால் அதனிடத்தில் வேறொன்று தோன்றும். மூளையின் நரம்பணுக்களோ பெரும்பாலும் நமக்கு வாழ்நாள் முழுமைக்கும் ஒருமுறையே வழங்கப்பட்டவை.

சாலை விபத்தில் ஒருவரின் தலை அடிபடுகிறது. அடிபட்ட கணத்திலேயே சில நரம்பணுக்கள் அழிந்துவிடும். அது முதற்காயம், அதனை மீட்க வழியில்லை. ஆனால் கேடு அத்துடன் முடிவதில்லை. சிதைந்த அணுக்களிலிருந்து குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் அளவின்றிக் கசிகிறது. அதன் தூண்டுதலால் அருகிலுள்ள அணுக்களுக்குள் கால்சியம் வெள்ளம்போலப் புகுகிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நிலைகுலைகின்றன. காஸ்பேஸ் என்னும் நொதிகள் கிளர்ந்து அணுவை உள்ளிருந்தே வெட்டுகின்றன. பி53 புரதமும் அங்கே மிகுந்து காணப்படுகிறது. நேரடியாக அடிபடாத நரம்பணுக்களும் இவ்வாறு சில மணி நேரத்திலும் சில நாள்களிலும் மடிகின்றன. இஃது இரண்டாம் காயம்.

இப்போது இரண்டையும் ஒப்பிட்டு நோக்குங்கள். உதிர வேண்டிய அணு உதிராமை புற்றுநோய்க்கு வழி வகுக்கிறது. உதிரக்கூடாத அணு உதிர்தல் மூளைக்காயத்தைப் பெருக்குகிறது. ஆணை ஒன்றே; அது பிறக்கும் இடமும் காலமுமே வேறு.

4. ஆய்வாளரின் இக்கட்டு

அவ்வாறாயின், மூளை அடிபட்டவருக்குப் பி53-ஐ அடக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே என நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. அத்தகைய பொருளொன்று 1999-இல் கண்டறியப்பட்டது. ஆய்வகத்தில் அது நரம்பணுக்களைக் காத்தது. எனினும் காவலனை உறங்கச் செய்தால் உடலின் பிற பகுதிகளில் கெட்ட அணுக்கள் தப்பிப் பிழைக்கக்கூடும். ஆகவே எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் அடக்குவது என்பதே ஆய்வாளர் முன்னுள்ள சிக்கல்.

எலிகளிடம் பயன் தந்த மருந்து மனிதரிடமும் பயன் தரும் என்பதற்கு உறுதியில்லை. மூளைக்காயத்திற்குப் புரொஜெஸ்டெரோன் என்னும் இயக்குநீர் உதவும் என்று விலங்காய்வுகள் நம்பிக்கை ஊட்டின. ஆனால் 2014-இல் வெளிவந்த இரு பெரிய மருத்துவ ஆய்வுகள், நோயாளிகளுக்கு அதனால் நன்மை விளையவில்லை எனக் காட்டின. நம்பிக்கைக்கு மாறான முடிவையும் மறையாது வெளியிடுவதே அறிவியலின் அறம்.

5. மணத்தக்காளியும் ஆய்வகமும்

திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ்காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் 2007 முதல் நடுவணரசின் ஆய்வு நிறுவனமாக இயங்குகிறது. புற்றுநோய், நரம்பியல் ஆகிய இரு துறைகளிலும் அங்கு ஆய்வு நடைபெறுகிறது. அங்கே ரூபி ஜான் ஆன்டோவின் குழுவினர், நம் வீட்டுக் கொல்லையில் வளரும் மணத்தக்காளியின் இலையில் உள்ள ‘உட்ரோசைடு-பி’ என்னும் பொருளை ஆராய்ந்தனர். அது கல்லீரல் புற்றணுக்களை உதிரச் செய்கிறது என்று 2016-இல் அறிவித்தனர். 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ‘அரிய நோய் மருந்து’ என்னும் தகுதியை வழங்கியது.

இச்செய்தியைச் சரியாகப் படித்தல் வேண்டும. அத்தகுதி ஆய்வைத் தொடர்வதற்கு ஊக்கமளிப்பது; நோயாளிக்குக் கொடுப்பதற்கான இசைவு அன்று. மணத்தக்காளிக் குழம்பு நல்ல உணவு. புற்றுநோய்க்கு மருந்து அன்று. கீரையை நம்பி மருத்துவமனைக்குச் செல்லாது காலம் தாழ்த்துவோர் மீளும் வாய்ப்பை இழக்க நேரிடும்.

6. கண்ணும் ஒரு கருவி

நுண்ணிய கருவிகளால் மட்டுமே உயிர் காக்க இயலும் என்பதில்லை. 1996 முதல் 2004 வரை நம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 தொகுதிகளில் ஓர் ஆய்வு நடந்தது. 35 வயதும் அதற்கு மேலும் ஆகிய 1,90,000-க்கும் மேற்பட்டோர் அதன் வரம்பில் அடங்கினர். 7 தொகுதிகளில் பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். எஞ்சிய 6 தொகுதிகளில் வழக்கமான மருத்துவமே தொடர்ந்தது. சோதனை நடந்த தொகுதிகளில், புகையிலையோ மதுவோ பயன்படுத்தியோரிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. சங்கரநாராயணன் தலைமையிலான குழு இம்முடிவை 2005-இல் வெளியிட்டது. உலகநாடுகள் எடுத்துக்காட்டும் இவ்வாய்வுக்குத் தம் வாயைத் திறந்து காட்டியவர்கள் நம் மாவட்டத்து மக்களே.

வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து மெல்லும் முதியோர் நம் வீடுகளில் உள்ளனர். வாயில் வெண்படலமோ செம்படலமோ தோன்றினாலும், புண் இரண்டு மூன்று வாரங்களில் ஆறாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அவ்வாறே, இருசக்கர வண்டியில் செல்வோர் தலைக்கவசம் அணிதல் முதற்காயத்தைத் தடுக்கும் அல்லது குறைக்கும். அடிபட்டவரை விரைந்து மருத்துவமனை சேர்த்தல் இரண்டாம் காயத்தின் கேட்டைக் குறைக்க உதவும். ஆய்வகம் விடை தேடும் வரையில், நம் கையில் உள்ளவை இவையே.

சொற்பொருள்

உயிரணு – உயிரின் மிகச் சிறிய அலகு
மூலக்கூறு – அணுக்கள் இணைந்த நுண்பொருள்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம்
இக்கட்டு – நெருக்கடி
இசைவு – ஒப்புதல்

பிரித்து எழுதுக

உயிரணு = உயிர் + அணு
வெண்படலம் = வெண்மை + படலம்
முதற்காயம் = ............ + ............
தலைக்கவசம் = ............ + ............

குறுவினா

1. தவளைக்குஞ்சின் வால் எவ்வாறு மறைகிறது?
2. பி53 புரதம் ‘காவலன்’ எனப்படுவது ஏன்?
3. முதற்காயம், இரண்டாம் காயம் – வேறுபடுத்துக.

நெடுவினா

4. ‘ஆணை ஒன்றே, அது பிறக்கும் இடமும் காலமுமே வேறு’ – இக்கூற்றைப் புற்றுநோய், மூளைக்காயம் ஆகிய இரண்டையும் கொண்டு விளக்குக.

சிந்தனை வினா

5. ‘மணத்தக்காளி புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என்னும் செய்தி உங்கள் உறவினரின் கைப்பேசிக்கு வருகிறது. அவர் மனம் நோகாதவாறு, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை விளக்கிக் கடிதம் எழுதுக.

செயற்பாடு

6. மூளை, புற்றுநோய், உயிரணு ஆகியவற்றுக்கு மலையாளத்தில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, தமிழோடு ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.