ஏக்கர் விலை மட்டும் போதுமா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வளரும் ஊர் ஒன்றுக்கு அருகே பெரிய கால்நடைப் பண்ணை விற்பனைக்கு வருகிறது. நண்பர்கள் சேர்ந்து வாங்கிப்போடலாமா?

பதில்: ஏக்கர் விலை மலிவாகத் தெரிந்தால், அந்த விலைக்கு எதெல்லாம் கைக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள். டெக்சஸில் மேல்நிலம் ஒருவருக்கும், அடியிலுள்ள எண்ணெயும் எரிவாயுவும் வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பது சகஜம். பழைய உரிமையாளர் கனிம உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், அவரிடம் குத்தகை எடுத்த நிறுவனம் உங்கள் மேய்ச்சல் நிலத்தில் தேவையான அளவுக்குப் பாதை போடலாம், துளையிடலாம். சட்டம் அதன் பக்கமே சாயும். தண்ணீர் இன்னும் மோசம். 1904-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஏற்ற விதிப்படி, பக்கத்து நிலத்துக்காரர் இறைத்து உங்கள் கிணறு வற்றினாலும் பொதுவாக வழக்காட முடியாது. நிலத்தடி நீர் மாவட்டங்கள் சில இடங்களில் கட்டுப்பாடு விதிக்கின்றன, அவ்வளவுதான்.

ஊர் வளர்கிறதே, விலை ஏறாமலா போகும் என்பீர்கள். ஏறும், ஆனால் சாலையும் குடிநீர்க் குழாயும் வரும் பக்கம்தான் முதலில் ஏறும். பெரும்பண்ணையின் பின்புறம் பல காலம் மேய்ச்சல் நிலமாகவே கிடக்கலாம். அதுவரை மாடு மேய்த்தால் வரிச்சலுகை உண்டே என்பதும் பாதி உண்மைதான். மனை பிரித்து வீடு கட்டத் தொடங்கினால், முந்தைய 3 ஆண்டுகளின் வரி வித்தியாசத்தைக் கட்ட வேண்டும் (2019-க்கு முன் இது 5 ஆண்டு). நகர எல்லைக்கு வெளியே நிலப் பயன்பாட்டை வகுக்கும் அதிகாரம் கவுண்டி நிர்வாகத்துக்குப் பெரும்பாலும் இல்லாததால், வேலிக்கு அப்பால் கல்குவாரி வந்தாலும் தடுப்பது கடினம். கனிமம், நீர், பாதை மூன்றையும் உள்ளூர் வழக்கறிஞர் எழுத்தில் தெளிவாக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.